குழாய் வழியே ஊட்டுவதும் ஊட்டுவதே!

 

  

மிம்பரில் வழக்கமாகப் பேசப்படாத ஒரு செய்தியை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன். பக்கவாதம் வந்தவர், தலையில் அடிபட்டவர், தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் எனச் சிலர், மூக்கில் ஒரு மெல்லிய குழாயோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். உணவும் நீரும் மருந்தும் அந்தக் குழாய் வழியாகவே இரைப்பைக்குச் செல்ல வேண்டும். அனுப்பும்போது நர்ஸம்மா ஒரு முறை செய்து காட்டுகிறார். வீட்டுக்கு வந்ததும் குடும்பம் திகைத்து நிற்கிறது. பார்க்க வரும் உறவினர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். இந்தத் திகைப்பில் நடக்கும் தவறுகள் உயிரையே பறிக்கக் கூடியவை. அப்படி ஒரு தவற்றில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லித்தான் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டும்.

ஒரு கரண்டி தண்ணீர்

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவர். ஆம்பூர்ப் பக்கம் டேனரியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஃபஜ்ர் தொழுகையின் முதல் ஸஃப்பில் அவரைக் காணாத நாள் அரிது. ஒரு நாள் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு மூக்குக் குழாயோடு வீட்டுக்கு வந்தார்.

நலம் விசாரிக்கச் சென்றேன். அறை நிறைய உறவினர்கள். பெரியவரின் அக்கா ஹஜ்ஜிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். "ஹஜ்ரத், இத்தனை நாளா தம்பி வாயிலே ஒரு சொட்டுத் தண்ணி படலே. நீங்க ஓதி உங்க கையாலே கொடுங்க" என்றார். வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பதாக மருமகள் தயங்கியபடி கூறினார். "ஒரு கரண்டிதானேம்மா, அதுவும் ஜம்ஜம்" என்று சொல்லிவிட்டு, ஓதி ஊதிக் கரண்டியால் ஊட்டியவன் நான்தான்.

அவர் இருமக்கூட இல்லை. எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான் போன பிறகு வந்தவர்களும் ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் இரவு கடும் காய்ச்சல், மூச்சுத் திணறல். தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகிவிட்டது. மீண்டும் ஆஸ்பத்திரி, ஐ.சி.யூ. அல்லாஹ்வின் அருளால் பிழைத்தார். மருத்துவரிடம் நடந்ததை ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. "ஹஜ்ரத், நீங்கள் ஓதிய தண்ணீரைத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் குழாய் வழியே கொடுங்கள். அதுவும் அவர் வயிற்றுக்குத்தான் போகிறது" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என் அறியாமையை உடைத்தது. வாயால் ஊட்டினால்தான் ஊட்டியது, குழாயால் கொடுப்பது வெறும் ஆஸ்பத்திரி வேலை என்று நாம் நினைக்கிறோம். அந்த எண்ணமே எல்லாத் தவறுகளுக்கும் வேர். குழாய் வழியே ஊட்டுவதும் ஊட்டுவதே. அதற்கும் கூலி உண்டு. அதற்கும் அதபு உண்டு. அதற்கும் கற்றுக்கொள்ள வேண்டிய இல்மு உண்டு.

விழுங்குதல் என்னும் நிஃமத்

நம் தொண்டையில் இரண்டு வழிகள் அடுத்தடுத்து உள்ளன. ஒன்று மூச்சுக்குழாய், மற்றொன்று உணவுக்குழாய். நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலெழும்பி, ஒரு மூடி மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்கிறது. நாம் எண்ணிப் பார்க்காமலே இது நடக்கிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தொடக்க நாட்களில் இந்த ஒழுங்கு கெட்டுவிடுகிறது. அப்போது வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குப் போய்விடுகிறது.

இதில் இரண்டு உண்மைகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். முதலாவது, கெட்டியான உணவைவிடத் தண்ணீரே இத்தகையவர்களுக்கு அதிக ஆபத்து. தண்ணீர் விரைந்து ஓடும். மூடி அடைக்கும் முன்பே மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இரண்டாவது, சிலருக்கு இருமல்கூட வராது. தொண்டையின் உணர்வும் மரத்துப் போயிருப்பதால் சத்தமின்றி உள்ளே போகும். "இருமவில்லையே, நன்றாகத்தானே விழுங்கினார்" என்று நாம் ஏமாந்துவிடுவோம். அன்று நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

இன்னொரு செய்தி நம்பிக்கை தருவது. பக்கவாத நோயாளிகளில் பலருக்குச் சில வாரங்களில் விழுங்கும் திறன் திரும்புகிறது. "குழாய் போட்டுவிட்டார்கள், இனி அவ்வளவுதான்" என்று கலங்க வேண்டாம். விழுங்கும் திறன் திரும்பும்வரை உயிரையும் உடலையும் தாங்கிப் பிடிக்கும் பாலமே அக்குழாய். மருத்துவர் சொன்ன நாளில் விழுங்கும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது அவசியம். ஒரு முறை வைத்த குழாயை மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவது தவறு.

முன்னோர் தேடிய வழி

குழாய் உணவை நேற்று வந்த புதுமையாக நினைக்க வேண்டாம். ஸ்பெயின் நாட்டின் இஷ்பீலிய்யாவில் (இன்றைய செவில்) வாழ்ந்து 1162-ல் மறைந்த இப்னு ஸுஹ்ர் என்னும் முஸ்லிம் மருத்துவர், தமது 'அத்தைஸீர்' நூலில், விழுங்க முடியாத நோயாளிக்குத் தொண்டை வழியே வெள்ளிக் குழாய் செருகி உணவளிக்கும் முறையைப் பேசுகிறார்.

தோல் தொழிலையே வாழ்வாகக் கொண்ட நம் பகுதி மக்களுக்கு மற்றொரு செய்தி வியப்பளிக்கும். 1790-ல் லண்டன் மருத்துவர் ஜான் ஹண்டர், விழுங்கும் தசைகள் செயலிழந்த ஒருவருக்கு விலாங்கு மீனின் தோலால் குழாய் செய்து, முட்டையும் பாலும் கலந்த உணவைச் செலுத்தினார். நோயாளி தேறி மீண்டும் விழுங்கத் தொடங்கினார். நம் ஆஸ்பத்திரிகளில் 'ரைல்ஸ் டியூப்' என்று சொல்கிறார்களே, அது 1921-ல் அதை அறிமுகப்படுத்திய ஜான் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயரால் வந்தது. நீண்ட காலம் தேவைப்படுவோருக்கு வயிற்றின் மேல்புறமாக நேரே இரைப்பைக்குள் வைக்கும் 'பெக்' என்ற குழாய், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மருத்துவர்களால் 1980-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

ஊட்டுவதன் சிறப்பு

மறுமை நாளில் அல்லாஹ் தன் அடியானிடம், தான் நோயுற்றிருந்தபோது வந்து பார்க்கவில்லையே என்றும், தான் உணவு கேட்டபோது தரவில்லையே என்றும் விசாரிப்பான். அடியான் திகைப்பான். நோயுற்ற அடியானைப் பார்க்காததும், பசித்தவனுக்கு உணவளிக்காததுமே அவை என்று விளக்கப்படும். முஸ்லிம் நூலில் இடம்பெறும் ஹதீஸின் கருத்து இது. நோயாளி, பசித்தவர் ஆகிய இருவரும் ஒரே கட்டிலில் ஒருவராகப் படுத்திருக்கும் வீடு உங்கள் வீடு என்றால், அல்லாஹ்வின் அருள் உங்கள் வாசலில் நிற்கிறது.

நோயாளிக்குத் தல்பீனா என்னும் கஞ்சியைக் கொடுக்குமாறு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்வார்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு இதமளிக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாகப் புகாரீயில் வருகிறது. பால்போல் வெண்மையாக, மென்மையாக இருப்பதால் அதற்கு அப்பெயர். இன்று டயட்டீஷியன் எழுதித் தரும் கஞ்சியும் ஏறக்குறைய அத்தகையதே. வடிகட்டிய கஞ்சியை ஊசிக்குழாயில் ஊற்றும்போது இந்த ஹதீஸை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அடுப்படி வேலை இபாதத் ஆகிவிடும்.

அறிந்து செய்ய வேண்டியவை

நன்மையை நாடிச் செய்தாலும் அறியாமல் செய்தால் தீங்காகிவிடும். மருத்துவர்களிடமும் நர்ஸுகளிடமும் கேட்டறிந்தவற்றை வரிசையாகத் தருகிறேன். உங்கள் நோயாளிக்கு அவருடைய மருத்துவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

முதலில், குழாய் சரியான இடத்தில் உள்ளதா என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் குழாய் வைத்ததும், மூக்கு நுனியில் அது எந்த எண்ணில் நிற்கிறது என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். ஒவ்வொரு வேளையும் ஊட்டும் முன் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு வெளியே நகர்ந்திருந்தாலோ, வாய்க்குள் குழாய் சுருண்டு தெரிந்தாலோ எதையும் ஊற்றாதீர்கள். ஊசிக்குழாயால் மெல்ல இழுத்தால் இரைப்பை நீர் வரும். முந்தைய வேளை உணவு அதிகமாக அப்படியே திரும்பி வந்தால், பொறுத்திருந்து மருத்துவரைக் கேளுங்கள். காற்றை அடித்துச் சத்தம் கேட்பதை மட்டும் நம்ப வேண்டாம். குழாய் நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கக் கூடும். கழன்று வந்த குழாயை நீங்களே திரும்பச் செருக வேண்டாம்.

இரண்டாவது, தலையை உயர்த்துங்கள். படுத்த நிலையில் ஊட்டவே கூடாது. முதுகுக்குத் தலையணைகளை அண்டக் கொடுத்து, பாதி உட்கார்ந்த நிலைக்குக் கொண்டு வாருங்கள். ஊட்டி முடித்த பின்னும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். விருந்தினர் வந்தார்கள், தொழுகை நேரம் வந்தது என்று உடனே படுக்க வைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது, கை சுத்தம், கஞ்சி சுத்தம். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கஞ்சி வெதுவெதுப்பாக இருக்கட்டும். மெல்லிய வடிகட்டியில் கட்டாயம் வடிகட்டுங்கள். காலையில் காய்ச்சியதை மாலை வரை வெளியே வைத்துக் கொடுக்காதீர்கள். வீட்டில் காய்ச்சிய கஞ்சி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் கொட்டிவிடுங்கள். எவ்வளவு, எத்தனை வேளை என்பதை டயட்டீஷியன் எழுதித் தருவார். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வேளைக்கு 200 முதல் 250 மி.லி. வரை இருக்கும். "பாவம், இன்னும் கொஞ்சம்" என்று அன்பினால் அளவை மீறினால் வாந்தி வரும். வாந்தி நுரையீரலுக்குள் போகும்.

நான்காவது, தள்ளாதீர்கள். ஊசிக்குழாயின் தண்டை எடுத்துவிட்டு அதன் கூட்டைக் குழாயில் பொருத்தி, மார்பிலிருந்து ஒரு முழ உயரத்தில் பிடித்து, கஞ்சி தானாக இறங்க விடுங்கள். பதினைந்து இருபது நிமிடம் ஆகட்டும். தண்டால் அழுத்தித் தள்ளக் கூடாது. முன்னும் பின்னும் மருத்துவர் சொன்ன அளவு, சாதாரணமாக 30 முதல் 50 மி.லி. வரை, தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். ஜம்ஜமோ ஓதிய நீரோ கொடுக்க விரும்பினால் அந்தத் தண்ணீருக்குப் பதிலாக அதைக் கொடுங்கள். சிறுநீரக, இருதய நோயாளிகளுக்கு நீரின் அளவு கணக்கு உண்டு, அதை மீறாதீர்கள்.

ஐந்தாவது, மருந்து. எல்லா மாத்திரைகளையும் பொடிக்கக் கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். எது பொடிக்கத் தக்கது என்று கேட்டு எழுதி வையுங்கள். கஞ்சியோடு கலக்காமல், மருந்தைத் தனியாகத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சர்க்கரை நோயாளிக்கு ஒரு வேளை உணவு தடைப்பட்டால், மருத்துவரைக் கேட்காமல் வழக்கமான இன்சுலினைப் போட்டுவிடாதீர்கள். சர்க்கரை இறங்கி மயக்கமாகிவிடும்.

ஆறாவது, ஊட்டும்போது இருமல், மூச்சுத் திணறல், உதடு நீலமாதல் கண்டால் உடனே நிறுத்துங்கள், 108-ஐ அழையுங்கள். வாந்தி, வயிறு உப்புதல், காய்ச்சல், குழாயில் கருநிற நீர் ஆகியவையும் தாமதிக்கத் தக்கவை அல்ல. வயிற்றில் வைத்த பெக் குழாய் கழன்றுவிட்டால் சில மணி நேரத்திலேயே துளை மூடத் தொடங்கும். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

வாயை மறந்துவிடாதீர்கள்

வாயால் உண்ணாதவருக்கு வாயைச் சுத்தம் செய்வது எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் உண்ணாத வாயில்தான் கிருமிகள் அதிகம் பெருகும். அந்த உமிழ்நீர் நுரையீரலுக்குள் இறங்கினாலும் நிமோனியாதான். தினமும் குறைந்தது இரண்டு வேளை, ஈரத்துணியாலோ மென்மையான பிரஷ்ஷாலோ, தண்ணீர் உள்ளே வடியாமல் பற்களையும் நாக்கையும் துடைத்துவிடுங்கள்.

நபி (ஸல்) அவர்களின் இறுதி வேளையை எண்ணிப் பாருங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் நெஞ்சில் சாய்ந்திருந்தபோது, ஒருவர் கையிலிருந்த மிஸ்வாக்கை நோக்கினார்கள். அன்னையவர்கள் அதை வாங்கித் தம் பற்களால் மென்மையாக்கிக் கொடுத்தார்கள். நபியவர்கள் அதனால் பல் துலக்கினார்கள் (புகாரீ). பேச முடியாத நோயாளியின் கண் எதை நாடுகிறது என்று பார்ப்பதும், அவர் வாயைத் தூய்மையாக வைப்பதும் நம் அன்னை காட்டித் தந்த கித்மத்.

"ஒரு சொட்டாவது வாயில் படட்டுமே" என்று ஏங்கும் அக்கா தங்கைகளுக்கும் இதுவே வழி. பஞ்சையோ துணியையோ ஜம்ஜமில் நனைத்து, பிழிந்துவிட்டு, உதட்டையும் நாக்கையும் ஈரப்படுத்துங்கள். ஊற்றாதீர்கள்.

நோயாளியின் விருப்பம்

நபி (ஸல்) அவர்கள் நோயுற்றிருந்தபோது, வேண்டாம் என்று அவர்கள் சைகை காட்டியும், நோயாளிகள் மருந்தை வெறுப்பது வழக்கம்தானே என்று எண்ணி, வீட்டார் வாயின் ஓரமாக மருந்தை ஊற்றிவிட்டார்கள். தெளிவு பெற்றதும் நபியவர்கள் அதைக் கண்டித்தார்கள் (புகாரீ). நோயாளிகளை உண்ணவும் பருகவும் வற்புறுத்தாதீர்கள் என்ற கருத்தில் திர்மிதீ, இப்னுமாஜா நூல்களில் ஹதீஸ் உண்டு.

இவற்றைக் காட்டிக் குழாயே வேண்டாம் என்று சொல்வது பிழையாகும். பசியிருந்தும் விழுங்க முடியாதவருக்கு வழி செய்வது வற்புறுத்தல் ஆகாது. ஆனால் இவற்றில் நமக்குப் பாடம் உண்டு. ஊட்டும் முன் அவரிடம் சொல்லுங்கள்: "அப்பா, கஞ்சி தரப்போகிறேன்." அவர் காதில் விழும்படி பிஸ்மில்லாஹ் சொல்லுங்கள். கையை ஆட்டினால், முகம் சுளித்தால், வயிறு நிறைந்ததா, மூக்கில் புண்ணா என்று பாருங்கள். குழாயைப் பிடுங்குகிறார் என்பதற்காகக் கயிற்றால் கைகளைக் கட்டிப் போடும் காட்சி மனத்தை வதைக்கிறது. பிளாஸ்திரியை மாற்றி ஒட்டுவதும், கைக்கு மெத்தென்ற உறை மாட்டுவதும், பக்கத்தில் ஒருவர் அமர்வதும் அதைவிடச் சிறந்தவை.

குழாயை எடுத்துவிடலாமா?

களைத்துப்போன குடும்பத்தார் என்னிடம் தனியே கேட்கும் கேள்வி இது. ஓர் உயிரை வாழ வைப்பது மனித குலம் முழுவதையும் வாழ வைப்பதற்கு ஒப்பாகும் என்பது திருமறையின் கருத்து (5:32). பராமரிக்க முடியவில்லை என்பதற்காக வீட்டில் நாமாகவே குழாயைக் கழற்றிவிட்டு உணவை நிறுத்துவதற்கு அனுமதி இல்லை.

மும்பை கெம் மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அருணா ஷான்பாக், 1973-ல் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்தார். அவருக்கு உணவளிப்பதை நிறுத்த அனுமதி கோரிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அம்மருத்துவமனையின் நர்ஸுகள் அதை எதிர்த்தார்கள். 2011-ல் அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. 2015-ல் அவர் இறக்கும் வரை, ஏறக்குறைய 42 ஆண்டுகள், இரத்த உறவில்லாத அந்த நர்ஸுகளே தலைமுறை மாறி மாறி ஊட்டினார்கள். பெற்ற தந்தைக்கு மூன்று மாதம் ஊட்டியதும் சலித்துப்போகும் நாம் இதைச் சிந்திக்க வேண்டும்.

எனினும் ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். மரணம் நெருங்கிவிட்ட இறுதி நாட்களில் உடல் உணவை ஏற்காது. அப்போது திணிப்பது வேதனையையே கூட்டும். முற்றிய மறதி நோயில் குழாய் உணவால் ஆயுள் கூடுவதில்லை என்றும், கையால் நிதானமாக ஊட்டுவதே மேல் என்றும் முதியோர் மருத்துவர்கள் இன்று சொல்கிறார்கள். அந்நிலையில் மருத்துவர் உணவைக் குறைக்கச் சொன்னால் அது பட்டினி போட்டதாகாது. உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது பற்றி நம் நாட்டில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2023-ல் அந்த நடைமுறையைத் திருத்தியிருக்கிறது. மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்தே முடிவெடுக்க வேண்டும். எனவே இத்தகைய முடிவை மருத்துவரிடமும் ஆலிமிடமும் கலந்தே எடுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள்.

சில மஸ்அலாக்கள்

நோன்பு: குழாய் வழியே உணவு இரைப்பைக்குச் செல்வதால் அவருக்கு நோன்பு கூடாது. இதில் குற்றமும் இல்லை. நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான் (2:184, 185). 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, நோன்பை முறிக்காத சிகிச்சைகளைப் பட்டியலிட்டபோதும் ஊட்டச்சத்து ஏற்றும் திரவங்களை அதில் சேர்க்கவில்லை. குணமாகும் நம்பிக்கை இருந்தால் பிறகு களா செய்யட்டும். நம்பிக்கை அற்றுப்போனால் ஒரு நோன்புக்கு ஒரு ஃபித்யா; ஹனஃபீ மத்ஹபில் அதன் அளவு ஸதகத்துல் ஃபித்ர் அளவாகும். பின்னர் குணமாகிவிட்டால் களா செய்வது கடமை. ரமளானில் அப்பாவுக்கு நோன்பு தவறுகிறதே என்று பகலில் கஞ்சியை நிறுத்துவது பெரும் பிழையாகும்.

தொழுகை: அறிவு தெளிவாக இருந்தால் தொழுகை உண்டு. உட்கார முடியாவிட்டால் படுத்துச் சைகையால் தொழலாம். மூக்கிலுள்ள பிளாஸ்திரியை எடுத்தால் தீங்கு என்றால் அதன் மேல் மஸஹ் செய்தால் போதும். வயிற்றுக் குழாயின் துளையிலிருந்து இடைவிடாமல் நீர் கசிந்தால் அவர் மஃதூர் ஆவார். ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஓர் உளூ போதும்.

யாருடைய கடமை?

இப்போது ஒரு கசப்பான உண்மை. பெரும்பாலான வீடுகளில் ஊட்டுவது மருமகள்தான். காலையில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் முன் ஒரு வேளை. வந்ததும் ஒரு வேளை. நள்ளிரவில் ஒரு வேளை. பிள்ளைகள் ஒருவர் பெங்களூரில், ஒருவர் சவூதியில், போனில் "எப்படி இருக்காங்க?" என்று கேட்பதோடு சரி.

மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்வதை மார்க்கம் மருமகள் மீது கடமையாக்கவில்லை. அவர் செய்வது உபகாரம். அதற்குப் பெரும் கூலி உண்டு. கடமை பெற்ற பிள்ளைகளுக்கே. குகையில் அடைபட்ட மூவரின் ஹதீஸை அறிவீர்கள். அவர்களுள் ஒருவர், உறங்கிவிட்ட பெற்றோருக்காகப் பால் பாத்திரத்தைக் கையில் ஏந்தி விடியும் வரை நின்ற மகன். அந்த அமலைச் சொல்லித்தான் அவர் துஆ செய்தார். பாறை நகர்ந்தது (புகாரீ). நின்றது மகன் என்பதைக் கவனியுங்கள். ஊரில் இருக்கும் மகன் இரவு வேளையை ஏற்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர் பகலுக்கு ஒரு ஆயாவை வைக்கப் பணம் அனுப்பட்டும். ஊட்டும் முறையை வீட்டில் குறைந்தது இருவராவது கற்றிருக்கட்டும்.

ஜமாஅத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் ஒன்றை வாங்கி வைத்து, தேவைப்படும் வீட்டுக்குக் கொடுத்து வாங்கலாம். மஹல்லாப் பெண்களுக்கு ஒரு நர்ஸைக் கொண்டு ஒரு நாள் பயிற்சி தரலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் உள்ளவர்களுக்கு வீட்டிலேயே நோய்த்தணிப்புப் பராமரிப்பும் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதியுங்கள்.

நலம் விசாரிக்கச் செல்பவர்களே! வெறுங்கையோடு போனாலும் பரவாயில்லை, கரண்டியோடு போகாதீர்கள். "குழாயிலா கொடுக்கிறீர்கள், அந்தோ!" என்று சொல்லி, இரவெல்லாம் விழித்திருப்பவரின் மனத்தை உடைக்காதீர்கள். "நீ கொஞ்சம் தூங்கும்மா, இந்த வேளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். அதுவே நலம் விசாரிப்பு.

அந்தப் பெரியவர் இரண்டு மாதங்களுக்குப் பிறகு விழுங்கும் பரிசோதனையில் தேறினார். குழாய் எடுக்கப்பட்டது. மருத்துவர் அனுமதித்த முதல் உணவு கெட்டியான கஞ்சி. மருமகள் கரண்டியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. "நீங்களே கொடுங்கம்மா. இத்தனை நாளும் ஊட்டியது நீங்கள்தானே" என்றேன்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களுக்கு ஊட்டும் கைகளுக்கு வலிமையையும், பொறுமையையும், நல்லறிவையும் தருவாயாக! எங்கள் அறியாமையால் நேர்ந்த பிழைகளை மன்னிப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!